சென்னையில வேலை, மதுரை வீட்டுல லைட்னிங் நோடு: கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?

"ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி ஊர்ல வீட்டுல வச்சிடு, பிட்காயின் பேமென்ட்டுக்கு ரூட்டிங் ஃபீஸ் தானா வரும்"னு யாராவது சொல்லியிருப்பாங்க. பெட்டி ஓடும். ஆனா 450 கிலோமீட்டர் தள்ளி இருந்து அதைப் பார்த்துக்கறதுதான் உண்மையான செலவு.

எதுக்கு எப்பவும் ஆன்லைன்?
லைட்னிங் சேனல்ல போட்ட காசு ஹாட் வாலட்லதான் இருக்கும். எதிர்த்தரப்பு பழைய பேலன்ஸைப் பதிவு செஞ்சு ஏமாத்தப் பார்த்தா, அவகாசத்துக்குள்ள உங்க நோடு மறுக்கணும். பல சேனல்கள்ல அந்த அவகாசம் 144 பிளாக், அதாவது சுமார் ஒரு நாள்.

1. கரண்ட்
திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி பக்கம் பராமரிப்பு மின்தடைன்னா காலையில போற கரண்ட் சாயந்திரம்தான் வரும். இன்வெர்ட்டர் இறங்கி பெட்டி திடீர்னு அணைஞ்சா டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். அப்புறம் அம்மாவுக்கு போன்ல "அந்த நீல வயரைப் பிடுங்கி மாட்டும்மா"ன்னு சொல்லணும். சரியாகலைன்னா பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான்.

2. இன்டர்நெட்
பல வீட்டு பிராட்பேண்ட்ல தனி பப்ளிக் ஐபி கிடைக்காது. போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. டார் அல்லது விபிஎன் வழியா போங்க. நிர்வாகப் பக்கத்தை நேரடியா இன்டர்நெட்ல திறந்து வைக்காதீங்க.

3. பேக்கப்
இதுதான் பெரிய ஆபத்து. பழைய டேட்டாபேஸை ரீஸ்டோர் பண்ணி அந்தப் பழைய நிலையிலேயே சேனலை மூடினா, நெட்வொர்க் உங்களையே ஏமாத்துறவரா நினைக்கும். அந்த சேனல்ல இருக்கிற மொத்தக் காசும் எதிர்த்தரப்புக்குப் போகலாம். எல்என்டி பயன்படுத்தினா, சேனல் பேக்கப் ஃபைல் தானா வேற இடத்துக்குக் காப்பி ஆகணும். வாட்ச்டவரும் வச்சுக்கோங்க.

4. வரி
2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதுக்கு மேல செஸ். வாங்கின விலையை மட்டும்தான் கழிக்கலாம். கரண்ட், யுபிஎஸ், ரயில் டிக்கெட் எதையும் கழிக்க முடியாது. நஷ்டத்தை சம்பளத்தோட ஈடு செய்யவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகவும் முடியாது. மத்தவங்களுக்காக இதைத் தொழிலா செஞ்சா, 2023 மார்ச் 7 அறிவிப்பின்படி பணமோசடித் தடுப்புச் சட்டக் கடமைகளும் வரலாம்.

கணக்கு
10 வாட் பெட்டி வருஷம் முழுக்க ஓடினா சுமார் 88 யூனிட். அது சின்னச் செலவு. ஆனா ஒரே ஒரு அவசர மதுரைப் பயணம் வருஷ ஃபீஸையே சாப்பிட்டுடும்.

கத்துக்கணும்னா தாராளமா ஓட்டுங்க, தொலைஞ்சா தாங்கக்கூடிய தொகையோட மட்டும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. வருமானத்துக்காகன்னா, மேல இருக்கிற நாலையும் முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க.

உங்க நோடு எங்க ஓடுது? கமெண்ட்ல சொல்லுங்க.