பென்சிலில் பிறந்த வாக்குகள்

எழுத்தறியாத வாக்காளருக்காக வந்த தேர்தல் சின்னங்கள், வரைந்தவர்கள் நினைக்காத அர்த்தங்களையெல்லாம் சுமக்கின்றன

2012 ஜனவரியில் லக்னோ, நொய்டா பூங்காக்களில் இருந்த யானைச் சிலைகளை மூடச் சொல்லி தேர்தல் கமிஷன் உத்தரவிட்டது. யானை, அப்போது உத்தரப் பிரதேசத்தை ஆண்ட பகுஜன் சமாஜ் கட்சியின் சின்னம். ஊழியர்கள் ஏணி வைத்து ஏறிச் சிலைகளைச் சுற்றிக் கட்டினார்கள். பயன்? மூடிய பிறகும் யானை யானையாகவே தெரிந்தது.

ஒரு படத்துக்கு இத்தனை பலமா? காரணம் 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் இருக்கிறது. வாக்காளர்கள் சுமார் 17 கோடி. நாட்டில் எழுத்தறிந்தவர்களோ 100க்கு 18 பேர்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும்.

பின்னாளில் இந்தப் படங்களில் பலவற்றை வரைந்தவர் கமிஷனின் ஓவியர் எம்.எஸ். சேத்தி. சைக்கிள், சீப்பு, பல் துலக்கும் பிரஷ் என்று வீட்டிலும் வீதியிலும் கண்ணில் படும் பொருள்களே கரு. கையில் பென்சில். அவர் 1992இல் ஓய்வு பெற்றார். அவர் வரைந்த சின்னங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

பார்க்க எளிது, வரையக் கடினம். சிறிதாகக் கறுப்பு வெள்ளையில் அச்சானாலும் சட்டென்று அடையாளம் தெரிய வேண்டும். மதச் சாயல் கூடாது. வேறு கட்சியின் சின்னம் போலவும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் தலைவலி. தெலங்கானாவில் கார் சின்னக் கட்சி, ரோடு ரோலர் தன் வாக்குகளைத் தின்பதாக 2022 முனுகோடு இடைத்தேர்தலின்போது புகார் செய்தது.

சின்னம் வெறும் பொருளாக இருக்க வேண்டும் என்பது கமிஷனின் விருப்பம். கட்சிகள் விடுவதில்லை. 2013இல் துடைப்பத்தைப் பெற்ற ஆம் ஆத்மி கட்சி, ஊழலைப் பெருக்கித் தள்ளுவோம் என்றது. அந்த டிசம்பரில் டெல்லியின் 70 தொகுதிகளில் 28 அதற்குக் கிடைத்தன.

அர்த்தம் திருப்பியும் அடிக்கும். இந்திரா காங்கிரசின் பசுவும் கன்றும் தாய்மையின் படம். அதையே எதிர்க்கட்சிகள் இந்திராவும் மகன் சஞ்சயும் என்று கேலி செய்தன. 1978இல் பசுவின் இடத்துக்குக் கை வந்தது.

2015 முதல் வேட்பாளரின் போட்டோவும் வாக்கு இயந்திரத்தில் இடம்பெறுகிறது. எழுத்தறிவும் 2011 கணக்கெடுப்பில் 74 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. ஆனாலும் ஊர்ச் சுவர்களில் முதலில் வரையப்படுவது சின்னம்தான்.