நடந்தறிந்த நாடு – 9: எயிற்பட்டினத்திலிருந்து கிடங்கில் வரை

ஆறு என்ற சொல்லுக்கு நீரோடும் நதி என்றும் மனிதர் செல்லும் வழி என்றும் இரண்டு பொருள் உண்டென்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருந்தும், அவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து குடியேறியதன் நியாயம் எனக்கு விளங்கியது, மரக்காணத்திலிருந்து மேற்கே பெருமுக்கல் மலையை நோக்கி நடந்த ஒரு தை மாதக் காலையில்தான். தண்ணீர் தனக்கு இசைந்த சரிவைத் தேடித்தேடிக் கடலுக்கு வழி கண்டுகொள்வதைப் போலவே, சுமையோடு செல்லும் மனிதனின் காலும் தனக்கு இசைந்த சரிவைத் தேடித்தேடித் தடம் பதிக்கிறது. முன்னது பாய்ந்து உண்டாக்கியதையும் பின்னது நடந்து உண்டாக்கியதையும் நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தார்கள்.

மோட்டார் வண்டியின் துணையின்றி, இயற்கை வனப்புள்ள ஓர் ஆற்றுப் படுகையில் இரண்டு மூன்று நாள் கால்நடையாகவே விடுமுறையைக் கழிக்க விரும்புகிறவர்கள், எங்கே போவது, எப்படித் திட்டமிடுவது என்று கேட்கிறார்கள். இமயத்தின் பள்ளத்தாக்குகளையும் ஆல்ப்ஸ் மலைச் சாரல்களையும் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு நிலத்தைப் பற்றி. இங்கே மலைச் சுவர்கள் இரு புறமும் நின்று பள்ளத்தாக்கை வகுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து, சிற்றோடைகளாகக் கிழக்கே இறங்கி, கழுவெளி என்னும் அகன்ற உவர்நீர்ப் பரப்பில் சேர்ந்து, அங்கிருந்து எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலைத் தொடுகிறது. வண்டியில் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறவனுக்கு இது வெறும் சமவெளி. நடக்கிறவனுக்கோ, மண்ணின் நிறமும் மரத்தின் இனமும் மனிதரின் தொழிலும் நாழிகைக்கு நாழிகை மாறிவரும் ஒரு நீர்வழி.

இந்த வழிக்கு நமக்குக் கிடைத்திருக்கும் வழிகாட்டி நூலோ, உலகத்தின் பழமையான வழிகாட்டி நூல்களுள் வைத்து எண்ணத்தக்கது. மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கும் இடைக்கழிநாட்டில், நல்லூர் என்ற ஊரைச் சேர்ந்த நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையையே குறிப்பிடுகிறேன். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு, அவ்வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்வதாக அமைந்த 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டை, பத்துப்பாட்டின் ஏனைய பாட்டுகளோடு 1889-ல் அச்சில் ஏற்றி நம் கையில் கொடுத்தவர் உ. வே. சாமிநாதையர். மதிலின் பெயரைக் கொண்ட பட்டினம் என்று கவிஞர் குறிப்பால் உரைக்கும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் அறிஞர்கள் கொள்கிறார்கள். இடையில் வரும் வேலூரை உப்புவேலூர் என்றும் ஆமூரை நல்லாமூர் என்றும் கருதுவோர் உளர்.

பிரயாணத்துக்குத் திட்டமிடுவோர் இந்தப் பாட்டிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் என்ன காட்சி என்று பட்டியல் போடுவதோடு நத்தத்தனார் நின்றுவிடவில்லை. எந்த ஊரில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எதைச் சமைத்து வந்தவருக்கு இடுவார்கள் என்பதையும் சேர்த்தே வழியை வகுக்கிறார். பட்டினத்தில் பரதவர் சுட்ட மீனும் தேறலும் தருவார்கள். வேலூரில் எயினர் குடியில் புளியிட்ட சோறும் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோற்றோடு நண்டு இடுவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டு போகையில், கடற்கரை, காடு, வயல் என்ற மூன்று திணைகளும் மூன்று வேளை உணவாகவே பாணன் இலையில் வந்து அமர்கின்றன. நிலம் மாறுவதை நாவால் அறியும் இந்த அறிவு, வேகமாகச் செல்கிறவனுக்கு வாய்க்காது. ஆகவே நடைப் பிரயாணத்துக்குத் திட்டம் வகுக்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எத்தனை இடம் பார்க்கலாம் என்பதன்று. எந்தெந்த மனிதரோடு அமர்ந்து உண்ணலாம் என்பதே.

இனிப் பருவம். மார்கழியின் பிற்பகுதி தொடங்கி மாசி முடிய உள்ள காலமே இந்நிலத்தில் நடப்பதற்கு உகந்தது. அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும்; வெயிலும் கடுமை கொள்வதில்லை. பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு வேகவைத்து விற்பார்கள். கழுவெளியில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வடக்கேயிருந்து வரும் வாத்தினங்களும் தங்கியிருக்கும். பங்குனிக்குப் பின் போகிறவருக்கு நுங்கும் பதநீரும் கிடைக்கும் என்றாலும், நிழலில்லாத உப்பளத்து வரப்பில் அந்த வெயில் உடம்புக்கு ஆகாது.

முதல் நாளை மரக்காணத்துக்கென்றே ஒதுக்குங்கள். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் உண்டு. முந்தின நாள் மாலையிலேயே வந்து தங்கி, பொழுது புலரும் முன்பே உப்பளத்தின் பக்கம் நடந்துவிட வேண்டும். ஏனென்றால் உப்பளத் தொழிலாளர் விடியலுக்கு முன்னரே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறிய பின் வெண்மையான உப்பின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைச் சுடும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் இருக்கிறது. அந்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, சூரியனும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்கச் செறிவேற்றி, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும்போது, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். நீங்கள் போகும் தை மாதத்தில் பல பாத்திகளில் உப்பு இருக்காது. மழையில் கலைந்த தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுகச் செய்யும் வேலையே அப்போது நடந்துகொண்டிருக்கும். நம் வீட்டு ஊறுகாய்ப் பானைக்குள் இருக்கும் உப்பு இப்படிக் காலால் பிறக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவன், தன் கால் வலியைப் பெரிதாகப் பேச மாட்டான்.

ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடமும் மரக்காணமே. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்னைக்குச் சென்ற அந்த நீர்வழியின் பெரும்பகுதி இன்று தூர்ந்து கிடந்தாலும், கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால், சாலைகள் வருமுன் இந்தக் கடற்கரை தன் சரக்கை எப்படி அனுப்பியது என்பது புரியும். மாலையில் ஊருக்குள் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயிலுக்குச் செல்லலாம். சோழர் கல்வெட்டுகளில் உப்பளத்துக்கு அளம், பேரளம் என்ற பெயர்கள் வழங்கியதை நினைத்துக்கொண்டு அந்தச் சுவரெழுத்துகளைப் பார்த்தால், காலையில் கண்ட தொழிலின் தொன்மை நெஞ்சில் படும். தெற்கே விரியும் கழுவெளியை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே என்பர். அதன் ஓரத்தில் மௌனமாக நிற்பதற்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள்.

இரண்டாம் நாள் மேற்கே திரும்புகிறோம். ஏறத்தாழப் பாதி வழியில் பெருமுக்கல். இங்கேதான் திட்டமிடுவோர் உமணரின் புத்தியைக் கைக்கொள்ள வேண்டும். கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு வண்டி வண்டியாக ஏற்றிச் சென்ற உமணர், மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் உதவும் பொருட்டு, வண்டியின் கீழ்மரத்தில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனதாகப் புறநானூற்றில் ஒளவையார் பாடியிருக்கிறார். நமக்குச் சேம அச்சு இந்தச் சாலையில் போய்வரும் பஸ். கால் தளர்ந்தால் கை நீட்டி ஏறிக்கொள்ளலாம். தங்குவதற்கும் அதுவே உபாயம்: பெருமுக்கல் வரை நடந்து, மாலையில் பஸ் ஏறித் திண்டிவனம் போய் விடுதியில் தங்கி, மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் நடையை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். சொந்த வண்டி வேண்டாம் என்பதே நம் விரதம். ஊர் மக்களோடு அமர்ந்து செல்லும் பஸ் அந்த விரதத்துக்குப் பங்கமன்று.

நான் நடந்த அன்று, உப்பளத்து வேலை முடித்துத் தலையில் தூக்குப் பாத்திரத்தோடு எதிரே வந்த ஒரு மூதாட்டி எங்களை நிறுத்தி, “எங்க சாமி போறீங்க, இந்த வெயில்ல?” என்று கேட்டார்.

“பெருமுக்கல்லுக்கும்மா. நடந்தே போறோம்.”

“பஸ்சு வருமே!”

“நடக்கணும்னுதாம்மா வந்திருக்கோம்.”

அவர் சற்று நேரம் எங்களை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்ப தண்ணி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். வழிப்போக்கனைக் கண்டதும் அவன் தாகத்தை முதலில் நினைப்பது இந்த மண்ணின் ஆதி தர்மம். சிறுபாணன் கண்ட உபசாரத்தின் வேர் அந்த ஒரு கேள்வியில் பட்டுப்போகாமல் இருந்தது.

பெருமுக்கல் மலையை மூன்றாம் நாள் அதிகாலையில் ஏறுங்கள். சமவெளியில் தனித்து எழும் இந்தப் பாறை மலையில் மூன்று யுகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. எழுத்துத் தோன்றாத காலத்து மனிதன் குகைப் பாறையில் கீறிவைத்த உருவங்கள் ஒன்று; சோழர் காலக் கல்வெட்டுகளோடு மலைமேல் நிற்கும் சிவன் கோயில் மற்றொன்று; கோட்டையின் சிதைவுகள் மூன்றாவது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பெர்மாகோயில் என்று தம் ஏடுகளில் எழுதியது இந்த ஊரைத்தான். 1760 ஜனவரியில் வந்தவாசியில் வென்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், புதுச்சேரியை நோக்கி இறங்கும் வழியில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1782-ல் ஐதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதை மீட்டனர். புதுச்சேரிக்குச் செல்லும் வழிகளைக் கண்காணிக்க இந்த உயரம் எவ்வளவு முக்கியம் என்பதை, மேலே நின்று நாற்புறமும் நோக்குகிறவன் புத்தகத்தின் உதவியின்றியே உணர்வான். கிழக்கே ஏரிகளும் பனைகளும், மேற்கே கொல்லைகளும் வயல்களுமாக, நடந்து வந்த வழியும் நடக்கப்போகும் வழியும் ஒருசேரக் கண்ணில் விரியும்.

அந்தக் காட்சியோடு வேறொன்றும் கண்ணில் படும். இப்பகுதியில் கல் வெட்டும் குவாரிகள் பல. வீடு கட்டவும் சாலை போடவும் கல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏரியை மீண்டும் தூர் வாரலாம், மரத்தை மீண்டும் நடலாம். ஒரு முறை உடைத்த மலையை எந்த அரசாலும் மீண்டும் எழுப்ப முடியாது. பெருமுக்கல்லைப் போல மனித சரித்திரத்தைத் தன் மேனியில் தாங்கி நிற்கும் மலைகளைச் சுற்றி, வெடியின் அதிர்வுகூட எட்டாத அளவுக்கு இடைவெளி விடுவது நம் கடமை.

மலையிலிருந்து இறங்கித் திண்டிவனம் நோக்கிய கடைசி நடையில் நெய்தலின் உப்புக் காற்று பின்தங்கி, செம்மண் கொல்லைகளில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை தொடர்ந்து வரும். இந்தியாவெங்கும் உழவர் அறிந்த ‘டி.எம்.வி.’ என்ற வேர்க்கடலை ரகங்களின் பெயரில் இருப்பது இந்தத் திண்டிவனமே. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை. ஊரின் பெயரோ திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது. திந்திரிணீஸ்வரர் கோயிலும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. கிடங்கிலில் நடையை முடித்து, ரயில் நிலையத்தில் வண்டி ஏறினால் இரவுக்குள் வீடு சேரலாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை சொற்பம்: பழகிய செருப்பு, தலைக்குத் துண்டு அல்லது தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று உடை ஒன்று, உரையோடு கூடிய பத்துப்பாட்டு. காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் நடந்தால் போதும். நடுப்பகல் ஓய்வுக்கும் உரையாடலுக்கும் உரியது.

இத்தகைய நடைவழிகளைக் காக்க இங்கிலாந்தில் 1949-ல் சட்டம் இயற்றி, மக்கள் வழிவழியாக நடந்துவந்த ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் ஊர் வாரியாகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1965-ல் பென்னைன் மலைத்தொடரின் நெடுக 430 கிலோமீட்டர் நடைப்பாதையைத் திறந்தார்கள். வழிப்போக்கனுக்குச் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சாலை மரமும், பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் அமைத்த நாடு நம்முடையது. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வழி சொல்வதற்காகப் படைத்த மொழி நம்முடையது. அத்தகைய நாம், மரக்காணம் முதல் திண்டிவனம் வரையுள்ள இந்த ஒரு வழியையாவது நடப்பதற்குரிய வழியாகப் பேண வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது நடப்பவருக்கென்று ஓரத்தில் ஒரு மண்பாதையும், அதன் மேல் நிழலுக்குப் புளியும் புங்கும், ஊருக்கு ஊர் குடிநீரும் இருந்தால் போதும். வேறெந்த ஆடம்பரமும் வேண்டியதில்லை.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பாதை என்பது நடப்பதால் உண்டாவது. நடக்க ஆளில்லாவிட்டால் மறைவது. இந்தத் தை மாதத்தில் மூன்று நாள் அவகாசம் உள்ளவர்கள், வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மரக்காணத்துக்கு வாருங்கள்.