அயல்நாட்டுச் சாலையில் குடிபோதை: அபராதத்தோடு முடியாத தண்டனை

புதுவையில் வெளிநாட்டோடு தொடர்பில்லாத தெருவைக் காண்பது அரிது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி நம் மண்ணைவிட்டு அகன்றது. 1962-இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றபோது பலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டனர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். அதன்பின் வந்த தலைமுறையினர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்றார்கள். ஒவ்வொரு பங்கிலும் வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் உள்ளனர்.

பிள்ளைகள் புறப்படும்போது ஊறுகாய் முதல் செபமாலை வரை பெட்டியில் அடுக்கித் தருகின்றோம். ஆனால் நாம் எடுத்துவைக்காமலே அவர்களோடு செல்லும் சில பழக்கங்களும் உண்டு. ‘கொஞ்சம்தானே குடித்தேன், ஓட்டிவிடுவேன்’ என்னும் துணிச்சல் அவற்றுள் ஒன்று. உள்ளூரில் இதனால் போவது ஓர் அபராதத் தொகை என்று நினைக்கின்றோம். அயல்நாட்டில் அது வேலையையும், விசாவையும், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுத் திட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். இதை நாம் சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வெளிநாட்டுச் சட்டம் கடுமையானது, நம் நாட்டுச் சட்டம் தளர்வானது என்று பலரும் நினைக்கின்றனர். அளவைப் பொறுத்தமட்டில் உண்மை வேறு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தாலே குற்றம். பிரான்சில் இந்த வரம்பு 50 மில்லிகிராம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 20. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் 80. ஐக்கிய அரபு அமீரகத்தில் சிறிதளவும் அனுமதியில்லை. குவைத்திலோ மதுவே தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே குடித்துவிட்டு ஓட்டுபவர் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களை மீறுகின்றார்.

தண்டனையில்தான் வேறுபாடு தொடங்குகின்றது. 2019-இல் திருத்தப்பட்ட நம் சட்டப்படி முதல் குற்றத்திற்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே 2019-இல் சிங்கப்பூரும் தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. அங்கே முதல் குற்றத்திற்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குறைந்த அபராதமே நம் பணத்தில் ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டும். அத்துடன் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு வாகனம் ஓட்டத் தடை உண்டு. தடைக்காலம் முடிந்த பின்னும் தேர்வுகளை மீண்டும் எழுதித்தான் உரிமம் பெற முடியும். இரண்டாம் முறை பிடிபட்டால் சிறை கட்டாயம்.

அமீரகத்தில் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டம், குடித்து ஓட்டுபவருக்குச் சிறையோ, 20,000 முதல் 1,00,000 திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. குறைந்த தொகையே நான்கு இலட்சம் ரூபாய்க்கும் மேல். முதல் முறை உரிமம் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நிறுத்திவைக்கப்படும்; மூன்றாம் முறை இரத்தாகிவிடும். ஓட்டுநர் வேலைக்கென்றே சென்றவருக்கு உரிமம் போவது என்பது வேலை போவதுதான்.

இரண்டாவது தண்டனை

மேலே சொன்னவை எல்லாம் அந்நாட்டுக் குடிமகனுக்கும் பொருந்தும். அவர் அபராதம் கட்டுவார், சிறையில் இருப்பார், பின் தம் வீட்டிற்குத் திரும்புவார். வெளிநாட்டவருக்கோ இன்னொரு தண்டனை காத்திருக்கின்றது. அதைத் தருவது நீதிமன்றம் அன்று, குடியேற்றத் துறை. சொந்த நாட்டில் வாழ்வது நமக்கு உரிமை. பிற நாட்டில் வாழ்வதோ, அந்நாடு தரும் அனுமதி. இந்த வேறுபாட்டை நம் இளைஞர் பலர் கைதான பிறகே உணர்கின்றனர்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 2015 முதல் அங்கே ஒரு நடைமுறை உள்ளது. ஒருவர் குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாகக் கைதானால், வழக்கின் முடிவுக்குக் காத்திராமல் அவருடைய விசாவைத் தூதரக அதிகாரிகள் இரத்து செய்யலாம். தீர்ப்பு வேண்டியதில்லை, கைதே போதும். விசா இரத்தானதாலேயே அவர் மறுநாளே வெளியேற வேண்டும் என்பதில்லை. ஆனால் ஊருக்கு வந்துவிட்டால், புதிய விசா இல்லாமல் திரும்பிச் செல்ல முடியாது. புதிதாக விண்ணப்பிக்கும்போது, மதுப்பழக்கம் உள்ளதா என்று கண்டறிய அரசு அங்கீகரித்த மருத்துவரின் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். தாய் இறந்த செய்தி வரும்போதும், ‘போனால் திரும்ப முடியுமா?’ என்று ஒரு மகன் தயங்கி நிற்க வேண்டிய நிலை இதனால்தான் வருகின்றது. 2025-இல் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர் விசாக்களை இரத்து செய்ததாக அந்நாட்டு வெளியுறவுத் துறை அறிவித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் குடித்து வாகனம் ஓட்டியதும் ஒன்று.

கனடாவில் 2018 டிசம்பரில் இக்குற்றத்திற்கான அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதனால் குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் இது ‘கடுங்குற்றம்’ ஆகிவிட்டது. நிரந்தர வசிப்புரிமை பெற்று, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவரும்கூட அந்த உரிமையை இழந்து நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் வாய்ப்பு உண்டு.

வளைகுடா நாடுகளில் இன்னொரு துன்பம் உண்டு. வழக்கு முடியும்வரை கடவுச்சீட்டை அதிகாரிகள் வைத்துக்கொள்வதும், பயணத் தடை விதிப்பதும் உண்டு. வேலை போயிருக்கும், ஊதியம் நின்றிருக்கும், ஊருக்கும் வர முடியாது. வழக்கு முடிந்தபின் நாடுகடத்தல் வரலாம். அப்படி அனுப்பப்பட்டவர் மீண்டும் அந்நாட்டில் கால்வைப்பது எளிதன்று.

அனுமதியால் வாழ்பவரின் நிலை எத்தகையது என்பதைச் சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகின்றது. அது குடித்து வாகனம் ஓட்டிய வழக்கு அன்று. ஆனால் நமக்கு நெருங்கிய பாடம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. லிட்டில் இந்தியாப் பகுதியில் மது அருந்தியிருந்த தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து பெருங்கலவரம் மூண்டது. 25 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் 50-க்கும் மேற்பட்டோர் வேலை அனுமதி பறிக்கப்பட்டு, வழக்கு விசாரணை இன்றியே நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். நடந்ததில் மதுவுக்கும் பங்குண்டு என்று விசாரணைக் குழு கூறியது. 2015 ஏப்ரல் முதல் பொது இடங்களில் இரவு 10.30 மணிக்கு மேல் மது அருந்தத் தடையும் வந்தது. நீதிமன்றத்தின் முன் நிற்காதவர்களும் விமானம் ஏற்றப்பட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சுமையைச் சுமப்பவர் யார்?

தண்டனை ஒருவருக்கு, சுமையோ ஒரு வீட்டிற்கு. வெளிநாட்டுப் பயணத்திற்காக நகை அடகில் இருக்கும். முகவருக்குக் கொடுத்த பணத்திற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தங்கையின் திருமணம் அவர் அனுப்பும் பணத்தை நம்பி நிச்சயிக்கப்பட்டிருக்கும். அவர் திரும்பி வருவார், கடன் திரும்பாது. பல குடும்பங்களில் உண்மைக் காரணத்தை வெளியே சொல்லவும் முடிவதில்லை. ‘கம்பெனியில் ஆட்குறைப்பு’ என்று உறவினரிடம் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் புழுங்குகின்றார்கள்.

விபத்து நேர்ந்து ஓர் உயிர் போய்விட்டால் நிலைமை இன்னும் கொடியது. அமீரகத்தில் விபத்தில் இறந்தவரின் குடும்பத்திற்குத் தர வேண்டிய இழப்பீட்டுத் தொகை 2,00,000 திர்ஹாம். காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைக் கொடுத்தாலும், ஓட்டியவர் குடித்திருந்தார் என்றால் அவரிடமிருந்தே திரும்பப் பெறச் சட்டம் வழிவிடுகின்றது. ஆனால் நாம் விசாவையும் பணத்தையும் மட்டும் எண்ணிப் பார்த்தால் போதுமா? அந்தச் சாலையில் அடிபட்டு வீழ்பவரும் ஒரு தாயின் பிள்ளை. அவரும் எங்கோ ஓர் ஊரிலிருந்து பிழைக்க வந்தவராக இருக்கலாம். எந்த நாட்டின் இழப்பீடும் அவரைத் திருப்பித் தராது.

திருச்சபை இதைப் பற்றித் தெளிவாகவே பேசியுள்ளது. குடிவெறியாலோ வேகத்தின்மீது கொண்ட மோகத்தாலோ சாலையில் தன் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கனமான குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2290) கற்பிக்கின்றது. 2007 ஜூனில் சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டியை வத்திக்கான் வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் என்று உலகெங்கும் பேசப்பட்டது அதில் உள்ள பகுதிதான். அதை வெளியிட்டது புலம்பெயர்ந்தோருக்கான திருப்பீட அவை என்பது குறிப்பிடத்தக்கது. புலம்பெயர்ந்தோரும் சாலையும் அன்று ஒரே அவையின் அக்கறையாக இருந்தன.

கைதாகிவிட்டால்...

தவறு நடந்துவிட்டது என்றால், அதைப் பெரிதாக்காமல் இருப்பதே அடுத்த கடமை. அயல்நாட்டில் உள்ள நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய சில:

1. மூச்சுப் பரிசோதனையை மறுக்க வேண்டாம். தகுந்த காரணமின்றி மறுப்பது சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் தனிக்குற்றம்.

2. காவலரிடம் பணத்தை நீட்டவே கூடாது. இங்கே ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பழகியவர்கள் அங்கே அதைச் செய்தால், அது இலஞ்சக் குற்றம். சிங்கப்பூரில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. போக்குவரத்துக் குற்றம் அந்த நொடியில் ஊழல் குற்றமாக மாறிவிடும்.

3. புரியாத மொழியில் எழுதப்பட்ட எதிலும் கையெழுத்திட வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றான சிங்கப்பூரில் தமிழிலேயே கேட்கத் தயங்க வேண்டாம்.

4. தம் நாட்டுத் தூதரகத்திற்குச் செய்தி தெரிவிக்கக் கேட்பது கைதானவரின் உரிமை. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு இதைத் தருகின்றது. புதுவைக் குடும்பங்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனிடம் பிரெஞ்சு கடவுச்சீட்டும் தம்பியிடம் இந்தியக் கடவுச்சீட்டும் இருக்கலாம். யாருடைய கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையதோ, அந்த நாட்டின் தூதரகத்தையே நாட வேண்டும்.

5. இந்தியக் குடிமக்களின் குடும்பத்தார், வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ (உதவி என்பது இந்திச் சொல்லின் பொருள்) இணையதளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். வசதியற்றவர்களுக்குத் தொடக்கநிலைச் சட்ட உதவி செய்யத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமுதாய நல நிதி உள்ளது. ஆனால் தூதரகத்தால் தண்டனையை நீக்க முடியாது. ‘நான் வெளியே எடுத்துத் தருகின்றேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பி இன்னொரு நகையையும் இழந்துவிடாதீர்கள்.

6. அடுத்த விசா விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். அமெரிக்க விண்ணப்பம் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ என்று நேராகவே கேட்கின்றது. பழைய தவறுக்கு விளக்கம் சொல்ல இடம் உண்டு. மறைத்தது தெரியவந்தால், அந்தப் பொய்யே வாழ்நாள் தடையாகக்கூடும்.

பயிற்சி நம் வீட்டில்

பழக்கம் விமான நிலையத்தில் மாறிவிடுவதில்லை. மது எளிதாகக் கிடைக்கும் நம் ஊரில் வளரும் இளைஞர், பிறந்தநாளோ திருமணமோ, குடித்த பின் வண்டிச் சாவியை எடுப்பதைச் சாதாரணமாகக் காண்கின்றார். அயல்நாடு செல்லும்முன் நடக்கும் வழியனுப்பு விருந்தே ஆபத்தாக முடியலாம். புதுவையில் 185-ஆவது பிரிவில் பதிவாகும் வழக்கும் ஒரு குற்ற வழக்குதான். விசாவுக்கெனக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கப்படும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம் ஊரில் வாடகை ஸ்கூட்டரில் சுற்றும் வெளிநாட்டவருக்கும் இதே சட்டம்தான். நம் பிள்ளை அங்கே எப்படியோ, அவர் இங்கே அப்படி. அவருடைய விசாவும் ஓர் அனுமதியே.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். குடித்த மதுவை உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். காபியோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ, தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை விரைவுபடுத்தாது. இரவு அதிகமாகக் குடித்தவர் காலையில் தூங்கி எழுந்து வேலைக்கு ஓட்டிச் செல்லும்போதும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். எனவே ‘குறைவாகக் குடித்துவிட்டு ஓட்டு’ என்பது அறிவுரை ஆகாது. குடித்தால் ஓட்டாதே, ஓட்டுவதாக இருந்தால் குடிக்காதே.

அன்புப் பெற்றோரே, வாரந்தோறும் தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா? பணம் அனுப்பினாயா?’ என்று கேட்கின்றோம். நண்பர்களோடு விருந்துக்குப் போனால் எப்படி வீடு திரும்புகின்றாய் என்றும் கேட்போம். வாடகைக் காருக்கு ஆகும் சில வெள்ளிகளை வீண்செலவு என்று அவர் நினைத்தால், அது நம் வீட்டு நகையையும், முன்பின் அறியாத ஒருவரின் உயிரையும் காக்கும் செலவு என்று எடுத்துச் சொல்வோம். கேட்பது நம் கடமை. கேட்கப்படுவது அவர்களுக்குப் பாதுகாப்பு.