வீட்டு எரிபொருள் ஒழுங்குமுறை அதிகாரம்

வீட்டு எரிபொருள் ஒழுங்குமுறை அதிகாரம் என்பது வீடுகளில் எந்த எரிபொருளை எரிக்கலாம், எந்த அடுப்பையோ சாதனத்தையோ பயன்படுத்தலாம் என்பவற்றை முடிவு செய்யும் சட்ட அதிகாரம் ஆகும். இவ்வதிகாரம் நடுவண் அரசு, மாநில அரசு, உள்ளாட்சி ஆகியவற்றுள் எதனிடம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விவாதிக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நகராட்சிகள் விதிக்கும் இத்தகைய கட்டுப்பாடுகளைப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றித் தடுத்துள்ளன. இந்தியாவில் காற்று மாசு தொடர்பான இவ்வதிகாரம் தொடக்கத்திலேயே மாநில அரசுகளிடம் அளிக்கப்பட்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்கா

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019 சூலையில், புதிய கட்டடங்களில் இயற்கை எரிவாயுக் குழாய் அமைப்பதைத் தடை செய்தது. பசுங்குடில் வளிமங்களின் வெளியேற்றத்தைக் குறைப்பது இதன் நோக்கம். இதையடுத்து, எரிசக்தியின் வகையைக் காரணம் காட்டி உள்ளாட்சிகள் தடை விதிப்பதைத் தடுக்கும் சட்டத்தை அரிசோனா மாநிலம் 2020 பிப்ரவரியில் இயற்றியது. அதே ஆண்டில் டென்னசி, ஒக்லகோமா, லூசியானா ஆகியனவும், 2021-இல் டெக்சசு, புளோரிடா முதலியனவும் இவ்வழியைப் பின்பற்றின. 2023-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இருந்தன.

பெர்க்லியின் தடை 1975-ஆம் ஆண்டின் கூட்டாட்சி எரிசக்திச் சட்டத்துக்கு முரணானது என மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2024-இல் அத்தடையை நீக்க நகரம் உடன்பட்டது. இதற்கு மாறாக, புதிய கட்டடங்களில் எரிவாயுவைத் தவிர்க்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலமே 2023-இல் இயற்றியது.

இந்தியா

1981-ஆம் ஆண்டின் காற்று (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். அங்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்காத எரிபொருளையும் சாதனங்களையும், வாரியத்தைக் கலந்தாலோசித்த பின், அரசிதழ் அறிவிக்கை மூலம் தடை செய்யலாம். இப்பிரிவு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அவ்வதிகாரத்தை அளிக்கவில்லை.

இயற்கை எரிவாயுவைப் பொறுத்தவரை மாநிலத்தின் அதிகாரமும் வரம்புக்கு உட்பட்டதே. இயற்கை எரிவாயு நடுவண் பட்டியலைச் சேர்ந்தது எனக் கூறி, 2001-ஆம் ஆண்டின் குசராத்து எரிவாயுச் சட்டம் அம்மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் முடிவு செய்தது. மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரைச் சூரிய மின் அமைப்புக்கான விண்ணப்பங்களை மின் வழங்கல் நிறுவனம் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இன்றியே ஏற்க வேண்டும்.

எல்லைப் பகுதிகள்

இவ்வமைப்பின் விளைவை எல்லைப் பகுதிகளில் தெளிவாகக் காணலாம். எடுத்துக்காட்டாக, கிருட்டிணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி, கர்நாடக, ஆந்திர மாநில எல்லைகளை அடுத்து உள்ளது. தமிழ்நாட்டு அரசின் அறிவிக்கை அங்குள்ள அடுப்புகளைக் கட்டுப்படுத்தும்; எல்லைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களைக் கட்டுப்படுத்தாது. புகை மட்டும் எல்லையைக் கடந்து செல்லும்.

வாதங்கள்

ஒரே மாநிலத்தில் ஊருக்கு ஒரு விதி இருந்தால் கட்டடம் கட்டுவோருக்கும் நுகர்வோருக்கும் குழப்பமும் கூடுதல் செலவும் ஏற்படும் என்பது மேலடுக்கு அதிகாரத்தை ஆதரிப்போரின் வாதம். தம் ஊரின் காற்றைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவ்வூர் மக்களுக்கே உண்டு என்பது எதிர்வாதம்.

இந்தியச் சூழலில் மற்றொரு கேள்வியும் உண்டு. விறகைத் தடை செய்தால், எரிவாயு உருளையை மீண்டும் நிரப்பப் பணமில்லாத குடும்பம் சமைக்க வழியின்றி நிற்கும். தடை செய்யாவிட்டால், அடுப்படியில் இருக்கும் பெண்களும் குழந்தைகளும் தொடர்ந்து புகையைச் சுவாசிப்பர். 2016 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதமரின் உச்வலா திட்டம் தடைக்கு மாற்றாக, ஏழைக் குடும்பப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் வழியைத் தேர்ந்தது. எனினும் இணைப்பைப் பெறுவது ஒருமுறைச் செலவு. உருளையை நிரப்புவது தொடர் செலவாகும். ஆகவே அதிகாரம் எந்த அடுக்கிடம் இருந்தாலும், மாற்று எரிபொருள் கைக்கெட்டும் விலையில் கிடைப்பதைப் பொறுத்தே எந்த விதியும் பயன் தரும்.