திரைக்குப் பின்னே உள்ள தொழில்கள்

"சினிமாவில் வேலை செய்யப் போகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால், நம் மதுரைப் பக்கத்து வீடுகளில் அடுப்பங்கரை முதல் திண்ணை வரை கலக்கம் பரவும். நடிக்கப் போகிறாள் என்றே எல்லாரும் எண்ணிக்கொள்வர். ஆனால் படம் முடிந்ததும் ஓடும் பெயர்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நடிப்பவர் சிலரே. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, உடை, ஒப்பனை, பின்னணிக் குரல் என்று பட்டியல் நீளும். இவை யாவும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்கள்.

முன்பு இவற்றைப் பெரும்பாலோர் குருகுல முறையில்தான் கற்றனர். இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள் பி. ஆர். விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து பழகியவர். 1985-இல் 'சின்ன வீடு' படத்துக்குத் தாமே ஒளிப்பதிவு செய்தார். கல்லூரியில் கற்றவர்களும் உண்டு. பரமக்குடியில் பிறந்த சுஹாசினி, நடிகையாகுமுன் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அக்கல்லூரி இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இயங்குகிறது.

ஆனால் கற்ற தொழில் என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கில்லை. 1952-இல் நம் நகரில் திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் போன்ற அரங்குகளில், ஆபரேட்டர் என்றால் தனி மதிப்பு. ஆயிரம் அடிப் படச்சுருள் 11 நிமிடத்தில் ஓடி முடியும். ஒரு இயந்திரத்தில் சுருள் தீரும் நொடியில் மற்றதை ஓட்டவேண்டும். தவறினால் விசில் பறக்கும்! டிஜிட்டல் முறை வந்ததும் சுருளும் போயிற்று, அந்தக் கைத்திறனும் போயிற்று. படச்சுருளை வெட்டி ஒட்டிய படத்தொகுப்பாளர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். நிறத் திருத்தம், வரைகலை, அன்றாடப் பதிவுகளைப் படியெடுத்துப் பத்திரப்படுத்துதல் என்று புது வேலைகள் பிறந்துள்ளன.

ஆகவே, ஒரு மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டு நிற்பது போதாது. மென்பொருள் சில ஆண்டுகளில் மாறிவிடும்; வகுப்பில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்கும் ஒளியியலும் ஒலியியலும் மாறா. பின்னணிக் குரல் கொடுக்க விரும்புபவளுக்கோ தமிழ் உச்சரிப்பே மூலதனம். 'வாளப்பளம்' கேட்பவள் முதலில் அதைத் திருத்திக்கொள்ளட்டும்!

திறமை இருந்தும் கதவு அடைக்கப்பட்டதுண்டு. திரைப்பட ஒப்பனைத் தொழிலில் பெண்கள் சிகை அலங்காரம் மட்டுமே செய்யலாம், ஒப்பனைக் கலைஞராகக் கூடாது என்று மும்பைச் சங்கம் ஒன்று தடுத்து வந்தது. சாரு குரானா முதலியோர் வழக்குத் தொடுத்தனர். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது.

திரைப்படத் துறையைத் திருச்சபையும் ஒதுக்கிவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஆணை, இத்துறைக்குத் தக்க பயிற்சி பெற்றவர்களை உருவாக்கும்படி கேட்கிறது.

பெற்றோரின் அச்சமும் வெறும் அச்சமன்று. கேரளத்தில் 2024-இல் வெளியான நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை, பெண்கள் அனுபவித்த தொல்லைகளோடு, படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும்கூட இல்லாத நிலையைக் கூறிற்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு அமைக்கவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வேலைக்குச் சேருமுன் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதுபோல், அக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பெற்றோர் கேட்கலாம்.