ஒரே சிரிஞ்சில் சேராத இரண்டு மருந்துகள்

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் ஜோடி ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். ஆம்பிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைக்கும். ஜென்டாமைசின் உள்ளே நுழைந்து புரதம் தயாரிக்கும் ரைபோசோமை முடக்கும். தனியாக இரண்டாலும் வீழ்த்த முடியாத சில கிருமிகளைச் சேர்ந்து வீழ்த்திவிடும். ஆனால் இவற்றை ஒரே சிரிஞ்சில் கலந்துவிட்டால், கிருமியை விட்டுவிட்டு ஒன்றையொன்று தாக்கத் தொடங்கும்.

காரணம், ஆம்பிசிலின் அடங்கிய பெனிசிலின் குடும்பத்தில் உள்ள பீட்டா லாக்டம் வளையம். நான்கே அணுக்களால் ஆன அது, வளைத்துக் கட்டிய மூங்கில்போல எப்போதும் விறைப்பாக இருக்கும். மருந்தின் பலமே அந்த விறைப்புதான்: செல்சுவரைக் கட்டும் நொதி பட்டதும் வளையம் அவிழ்ந்து நொதியைப் பற்றிக்கொள்ளும். ஜென்டாமைசினில் அமினோ தொகுதிகள் பல உண்டு. கரைசலில் அவையே வளையத்தைத் திறந்து, பெனிசிலினோடு பிணைந்து, மருந்துக் குணமற்ற அமைடாக மாறிவிடுகின்றன. பெரும்பாலும் நிறம் மாறாது, கலங்காது. அதுதான் பயமுறுத்துகிறது.

உடலுக்குள் மருந்து நீர்த்துப்போவதாலும், சிறுநீரகம் விரைவில் வெளியேற்றுவதாலும் இந்த வினை பெரிதாக நடப்பதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நடக்கும். சோதனைக் குழாயிலும் நடக்கும்: எடுத்த இரத்தம் ஆய்வகத்தில் காத்துக் கிடந்தால் வினை தொடர்ந்து, ஜென்டாமைசின் அளவு குறைவாகக் காட்டும். அதை நம்பி அளவைக் கூட்டினால் காதும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஜென்டாமைசின் வகையைச் சேர்ந்த அமிகாசின் இந்தத் தாக்குதலை ஓரளவு தாங்கும்.

செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கின் கதை வேறு. அதன் எதிரி இன்னொரு ஆன்டிபயாடிக் மட்டுமல்ல, ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸில் உள்ள கால்சியமும்தான். இரண்டும் சேர்ந்தால் வெண்படிவு உண்டாகும். பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இப்படிவு காணப்பட்ட மரணங்களை அடுத்து, 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது.

ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஜோடிக்குத் தடுப்பு எளியது: தனித்தனி சிரிஞ்சு, இடையில் குழாயைச் சலைனால் கழுவுதல். உங்கள் வீட்டு நோயாளிக்கு நர்ஸ் அப்படிச் செய்யும்போது தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.