இறுகிப்போன திருகாணி

கொழும்பு மாநகரின் வடகோடியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்திருப்பது மட்டக்குளி. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல். மீன்பிடித் தொழிலைப் பற்றிய ஆராய்ச்சி நடத்தும் ‘நாரா’ நிறுவனமும், கடற்றொழிற் கல்வி புகட்டும் சமுத்திரப் பல்கலைக்கழகமும் இங்குள்ள காக்கைத்தீவிலேயே இருக்கின்றன. 1950களில் இலங்கையின் மீன்பிடி வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி பரவத் தொடங்கியது. அதற்கு முன் பாயும் துடுப்புமே மீனவருக்குத் துணை. இயந்திரம் வந்தது, தூரம் குறுகியது. ஆயினும் புதியதொரு தொல்லையும் உடன் வந்தது. கிழிந்த பாயைத் தைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தின் திருகாணி இறுகிவிட்டால் என் செய்வது?

படகின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு நீர்ப்பம்பி உண்டு. கடல்நீரை மேலே ஏற்றி இயந்திரத்தைக் குளிரச் செய்வது அதன் வேலை. பம்பியினுள் சுழலும் றப்பர்ச் சக்கரம் நாளடைவில் தேயும். அதனை உரிய காலத்தில் மாற்றாவிடின் இயந்திரம் சூடேறி நடுக்கடலில் நின்றுவிடும். மாற்றுவதற்கோ சில திருகாணிகளைக் கழற்றவேண்டும். அவை அசைய மறுக்கின்றன. பொறுமை இழந்தவர் ஸ்பானரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி இழுக்கிறார். பிடியின் நீளம் மும்மடங்கானால், அதே கையின் திருகுவலிமையும் மும்மடங்காகிறது. ஆணியின் தலை முறிகிறது. சிறு றப்பர்த் துண்டை மாற்றும் வேலை, முறிந்த ஆணியைத் துளையிட்டு எடுக்கும் பெருவேலையாகிவிடுகிறது. அத்தனை நாளும் படகு கரையில் கிடக்கும். வீட்டில் அடுப்பெரிவதும் கடினமே.

ஆணியை இறுகப் பிடித்திருப்பது எது என்று முதலில் அறிதல் வேண்டும். இயந்திரத்தின் உடல் அலுமினியத்தால் ஆனது. ஆணி உருக்கினால் ஆனது. இவ்விரண்டுக்கும் இடையே உப்புநீர் புகுகின்றது. 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, இருவகை உலோகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். அவர் மேசைமீது செய்ததையே கடல்நீர் இயந்திரத்துள் ஓசையின்றிச் செய்கின்றது. இந்த மின்செயலால் அலுமினியம் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு வெண்பொடியாக மாறும். அப்பொடி முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆதலால் ஆணியின் புரிகளுக்கிடையே ஆப்புப்போல் இறுகுகின்றது. எனவே மல்லுக்கட்ட வேண்டியது ஆணியோடன்று; அப்பொடியோடுதான்.

முதலாவது வேலை, நன்னீரால் கழுவி உப்பைக் கரைத்து, வெண்பொடியைக் கம்பித் தூரிகையால் அகற்றுவது. அடுத்து, புரிகளுக்குள் ஊறிச் செல்லும் மெல்லிய எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருத்தல் நன்று. அவ்வெண்ணெய் நுண்ணிய இடுக்குகளில் மெல்லவே ஏறும். அதனை விரைவுபடுத்தக் கைவலிமை உதவாது. மறுநாட் காலையில் ஆணியின் தலைமீது பித்தளைத் துண்டொன்றை வைத்துச் சிறு சுத்தியலால் மென்மையாகத் தட்டவேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். பொடியின் பிடியை உடைப்பது ஒரு பேரடியன்று; பல சிற்றடிகளே.

அதற்கும் அசையாவிடின் வெப்பத்தின் துணையை நாடலாம். மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்பு வளையம் பூட்டும் கொல்லர், வளையத்தைக் காய்ச்சி விரியச் செய்தே மாட்டுவார். அதே விதி இங்கும் பயன்படும். ஒரு மீற்றர் நீளமுள்ள அலுமினியம் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர ஏறத்தாழ 0.023 மில்லிமீற்றர் நீளும். சாதாரண உருக்கு 0.012, துருப்பிடியா உருக்கு 0.017 அளவே நீளும். ஆகவே ஆணியும் உடலும் ஒருங்கே சூடேறினும், துளை ஆணியைவிட அதிகமாக விரியும். எட்டு மில்லிமீற்றர் ஆணியில் எழுபது பாகை வெப்பம் உண்டாக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று முதல் ஆறு கூறு வரையே. எனினும் பொடியின் பிடியைத் தளர்த்த அதுவே போதுமானதாகலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெற்றோற் தாங்கியும் எண்ணெயும் உள்ள இடத்தில் தீச்சுவாலை கூடாது. மேலும், இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ ஏறத்தாழ 660 பாகையில், நிறம் மாறிக் காட்டாமலே உருகிவிடும். ஆதலால் கொதிநீரில் தோய்த்த துணியை, கையுறை அணிந்து, ஆணியைச் சுற்றிச் சில நிமிடம் மீண்டும் மீண்டும் ஒற்றுவதே பாதுகாப்பானது. றப்பர் வளையங்களுக்கும் அதனால் ஊறு நேராது.

பின்னர் ஆணியின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானரைப் பூட்டி, முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கமாகத் திருப்புதல் வேண்டும். பொடி நொறுங்க இதுவும் ஒரு வழி. அதன்பின் தளர்த்தும் பக்கம் சற்றே. மீண்டும் எதிர்ப்பக்கம் சற்றே. இடையிடையே எண்ணெய் விடவேண்டும். ஆணி அசைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஒரே மூச்சாகத் திருகுபவர், பாதி வழியில் அதை முறித்துக்கொள்வர். ஆணி திரும்பாது முறுகுவதுபோல் கைக்குத் தோன்றினால் உடனே நிறுத்துவதே திறமை. பட்டறையில் வேலை பழகும் இளைஞன் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

கழற்றிய ஆணியை அப்படியே மாட்டுதல் தவறு. புரிகளைத் துலக்கி, கடல்நீர்க்கு ஏற்ற கிறீஸ் பூசி, கைநூலில் சொன்ன அளவே இறுக்கவேண்டும். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் இயந்திரத்தை நன்னீரால் கழுவுதல் அவசியம். மட்டக்குளி முகத்துவாரத்தின் நீரிலும் உப்புக் கலந்திருக்கிறது. இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்தியிருக்கும் நாகக் கட்டிக்கு வர்ணம் பூசலாகாது. 1824ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹம்பிறி டேவி காட்டிய வழியில், அக்கட்டி தான் அரிபட்டு அலுமினியத்தைக் காப்பது.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். ஓரிரவு காத்திருந்தவர் மறுநாட் காலையில் ஆணியை முழுதாகக் கையில் எடுப்பார். அவசரப்பட்டவரோ அதன் தலையை மட்டுமே எடுப்பார்.